மேடைக்கு வந்த ஜோடி

தெருவில் அவளுக்கு மீன்காரம்மா என்று பேர். ஒரு மீனைக்கூட விற்றதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஏரி மீன்களை ஆராய்கிறவள். எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட அயல்மீன், ஏரிக்கே சொந்தமான வரிமீனின் முட்டைகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அயல்மீனை வலைபோட்டு அள்ளி வெளியேற்றினாள். மிஞ்சிய வரிமீன்களை ஆய்வுக்கூடத் தொட்டிகளில் பெருக்கி ஏரியில் விட்டாள். அதற்குத்தான் இன்று விருது.

விழாக்காரர்களுக்கு ஒரு ஆசை. மேடையில் கண்ணாடித் தொட்டி, அதில் ஒரு ஜோடி வரிமீன். மற்றதையெல்லாம் ஏரியில் விட்டாகிவிட்டது; ஆய்வுக்கூடத்தில் மிச்சம் இருந்தது முட்டைக்கு வந்திருந்த ஒரு ஜோடிதான். பெண்மீன் இன்றோ நாளையோ என்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் முட்டையோடு செத்துப்போகும். சொல்லிப் பார்த்தாள்.

"விருது உங்களுக்கா, மீனுக்கா? ஒரு மணி நேரம்தாம்மா," என்றார் மேலதிகாரி.

குடலை ஆராய்வதற்காகப் பிடித்து வைத்திருந்த அயல்மீன்களில் இரண்டைத் தொட்டியில் விட்டு எடுத்துவந்தாள். எட்ட நின்று பார்த்தால் வரிமீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.

மேடையில் நாற்காலி முள்ளாய்க் குத்தியது. ஆய்வுக்கூடத்தில் கணவரைக் காவல் வைத்திருந்தாள். குனிந்து போனில் கேட்டாள்.

"என்ன பண்ணுது?"

"சுத்துது. ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு நீ சுத்துவியே, அப்படி."

"விளையாடாதீங்க."

"நானா? தும்மல் வந்தாக்கூட வெளிய போய்த் தும்மிட்டு வரேன்."

கூடப் படித்த நண்பன் ஒருவன், அவனும் மீன் ஆய்வாளன், தொட்டியருகே வந்து குனிந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"உன் புள்ளைங்க முகம் மாறிப்போச்சே."

"வாய மூடுடா."

கேடயம் கைக்கு வந்தது. இறங்கி வந்தபோது மறுபடி போன். கணவர் கிசுகிசுத்தார்: "போட ஆரம்பிச்சிடுச்சு." முன்வரிசை நாற்காலியில், அன்றைக்கு முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

தலைமை விருந்தினர் அப்போதுதான் மைக்கைப் பிடித்தார். "இந்த ஜோடிய நானே என் கையால ஏரியில விடப்போறேன். இப்பவே."

அரங்கம் கைதட்டியது. இரண்டு பேர் தொட்டியைத் தூக்கினார்கள். நண்பன் எழுந்து நின்றுவிட்டான். தொட்டியில் இருந்தது பெண் ஒன்று, ஆண் ஒன்று. அது போதும், ஏரியில் மறுபடி அயல்மீன் பெருகிவிடும்.

வழியில் யாரும் பார்க்காமல் மீனை எடுத்துவிடலாமா? கேமராக்காரர்கள் தொட்டியைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடிப்போய்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள். "கீழ வைங்க. சார், இது அந்த மீன் இல்ல. அதோட முட்டையத் தின்ன மீன். நான்தான் மாத்திக் கொண்டுவந்தேன்."

வேடிக்கை என்று நினைத்து யாரோ கைதட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப நாங்க இவ்வளவு நேரம் எதுக்கம்மா கைதட்டினோம்?" என்றார் விருந்தினர்.

"தெரியல சார். மொதல்ல கீழ வைக்கச் சொல்லுங்க."

வைத்தார்கள். மேலதிகாரி அவள் பக்கமே திரும்பவில்லை. அவள் ஒரு பக்கமும் நண்பன் மறுபக்கமுமாகத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறினார்கள்.

"கேடயத்தத் திருப்பிக் கேப்பாங்களோ?" என்றான்.

"கேட்டா குடுத்துடலாம். நீ நேராப் பிடி, சிந்துது."