வட்டமாக வைத்த கையெழுத்து

எண்பதுகளில் சுவிஸின் பாசல் நகரில் ஒரு ஹோட்டலில் நாங்கள் ஆறு தமிழர் கோப்பை கழுவினோம். சவர்க்காரத் தண்ணீரில் கை வெந்ததால் கையுறை கேட்டு முதலாளிக்குக் கடிதம் எழுதினோம். அகதி விசாரணை முடியாத காலம். முதல் கையெழுத்துக்காரனின் வேலை போய்விடும் என்று ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

"நீ வையடாப்பா, நீதானே பெரிய வாய்க்காரன்."

"ஓம், என்னைத் துரத்திப்போட்டு நீங்கள் கையுறை போடுங்கோ."

அங்கே சமைத்த ஜப்பான்காரரின் பாட்டன் இரும்புப் பட்டறைத் தொழிலாளி; ஜப்பானில் ஆரம்பத்தில் தொழிற்சங்கம் கட்டியவர்களில் ஒருவராம். தலைவன் யாரென்று பொலிஸ் தேடுமாம். அதனால் அந்த நாட்டுப் பழைய உழவர்களைப் போலப் பெயர்களை வட்டமாக எழுதினார்களாம். சமையல்காரர் கோப்பையைத் தாளில் கவிழ்த்துச் சுற்றிக் கோடு கீறித் தந்தார். சுற்றிவரக் கையெழுத்து வைத்தோம்.

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யார் முதலில் வைத்தது என்று கேட்டார். ஆறு பேரும் கோப்பை கழுவப் போனோம். அடுத்த கிழமை கையுறை வந்தது. எனக்குத்தான் கொஞ்சம் பெரிது.