தவளைக்கு விளக்குப் பிடிப்பவர்

தொட்டியின் மூடியைத் தொடுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்காரர்களின் கையைத்தான் மோந்து பார்ப்பார். "சோப்பு போட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க." இல்லை என்றாலும் நம்பமாட்டார். தவளையின் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். விரலில் ஒட்டியிருக்கும் சோப்பு அதற்கு விஷம். வீட்டுக்காரர் வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை கையை அலசிக்கொண்டு வரும்வரை, பையின் ஜிப்பைக்கூடத் திறக்காமல் நிற்பார்.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு சி.ஐ.டி. என்று பெயர். எனக்கு நேர் மேல்வீட்டில் இருக்கிறார். வளர்ப்புத் தவளைகளையும், செடியும் பாசியும் வைத்து அவற்றுக்காக அமைத்த கண்ணாடித் தொட்டிகளையும் படம் எடுத்துக் கொடுப்பது தொழில். அதற்கு முன் விபத்தில் நசுங்கிய கார்களைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காகப் படம் எடுத்தவர். பழைய அடியைப் புது அடி என்று காட்டியவர்களை அங்கே நிறையப் பார்த்துவிட்டார். அந்தக் கண் அப்படியே தங்கிவிட்டது. "என்னை இவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லைங்க. நான் பூட்டுற பூட்டைத்தான் நாலு தடவை இழுத்துப் பாப்பார்" என்பார் அவர் மனைவி.

வேலைக்குப் போகும்போது கறுப்புச் சட்டைதான். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் விழுந்து தவளைக்குப் பக்கத்தில் பேயாக நிற்குமாம். தொட்டியின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைப்பார். பிறகு அறை விளக்குகளை அணைத்துவிட்டு, வெள்ளைத் துணி கட்டிய, சூடேறாத சிறு விளக்கைப் பக்கவாட்டில் உயர்த்துவார். காமெராவைத் தானாக முடிவெடுக்க விடமாட்டார். அதன்மேலும் சந்தேகம்தான். "தொட்டி இருட்டா இருக்குன்னு இது பயந்துபோய் வெளிச்சத்தை அள்ளிக் கொட்டிடும், தம்பி. தவளை சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளிறிப் போயிடும். ஒரு படி குறைச்சு எடுத்தாத்தான் ஈரத்தோலு ஈரத்தோலா இருக்கும்." விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிப்போவார். பையைச் சுமக்க விடுவார். விளக்கைத் தரமாட்டார்.

அப்படித்தான் அந்த லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்குப் போனோம். ஓய்வுபெற்றவர், மனைவி இல்லை. ஒரே மகள் வேலை கிடைத்து வெகுதூரம் போய்விட்டாள். போகும்போது உள்ளங்கை அளவு பச்சை மரத்தவளை ஒன்றை அப்பாவிடம் விட்டுப் போயிருந்தாள். மாதம் ஒருமுறை அதற்கு நல்லதாக ஒரு படம் வேண்டும் என்பது மகளின் உத்தரவு. சி.ஐ.டி. அங்கே பலமுறை போயிருக்கிறார்; எனக்கு அதுதான் முதல் தடவை.

விளக்கைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். தவளை ஓர் இலைமேல் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தது. எனக்கு அது தவளை, அவ்வளவுதான். அவர் குனிந்தார், சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தார்.

"கொஞ்சம் மாறியிருக்கே?"

"வெயில் காலமில்ல? நிறம் மாறும் சார்" என்றார் மெக்கானிக். பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது.

சி.ஐ.டி. மேற்கொண்டு கேட்கவில்லை. எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துவந்தார். கைப்பேசியில் போன மாதப் படத்தைத் திறந்தார். கண்ணுக்குப் பின்னால் மூன்று வெள்ளைப் புள்ளிகள், கோடு பிடித்தாற்போல. "உள்ள இருக்குறதுக்கு ஒரே புள்ளி. நிறம் மாறும் தம்பி, புள்ளி எங்க போகும்?" குரலைத் தாழ்த்தினார். "நல்ல விலைக்குப் போற தவளை அது. ஆளு வித்துட்டாரு. மக கண்ணுல மண்ணைத் தூவிட்டு மலிவா ஒண்ணை வாங்கி உக்கார வெச்சிருக்காரு."

பழைய உற்சாகம் முகத்தில் ஏறியிருந்தது. நசுங்கிய கார்களுக்கு நடுவே இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போய்ப் படத்தை மெக்கானிக்கின் முன் நீட்டினார். "இதுல மூணு. அதுல ஒண்ணு. எவ்வளவுக்குக் குடுத்தீங்க?"

மெக்கானிக் படத்தை வாங்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"செத்துப்போச்சு சார். காலையில எந்திரிச்சுப் பாத்தா தண்ணிக் கிண்ணத்துல கெடக்குது. வைத்தியர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். ஒண்ணும் பண்ண முடியலன்னுட்டார்." கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவ தினம் கூப்பிடுறா. எடுத்த எடுப்புல 'அப்பா, அவன் சாப்பிட்டானா?'ன்னுதான் கேப்பா. நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அதனால என்ன, கூப்பிடுறா இல்ல? இது போச்சுன்னா எதுக்குக் கூப்பிடுவா?"

மெக்கானிக் விளக்கை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரே கேட்டார்: "விளக்கை நேரா அடிச்சா ஈரத்துல பளபளன்னு ஆயிடும், புள்ளி தெரியாதுன்னு நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க. அப்படி ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்."

முடியும். விளக்கை ஒரு சாண் நகர்த்தினால் போதும். சி.ஐ.டி. விளக்கையும் தவளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சிருங்க" என்றார். "ஆனா இதை என்னால பண்ண முடியாது. இன்னிக்கு நான் கண்டுபிடிச்சேன், நாளைக்கு அவ கண்டுபிடிப்பா. அப்புறம் நீங்க சாப்பிட்டேன்னு சொன்னாக்கூட நம்பமாட்டா. சந்தேகம் புடிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ணே."

மெக்கானிக் அப்போதே மகளைக் கூப்பிட்டார். "அம்மா, அவன் எப்பவோ போயிட்டான்மா. இப்ப தொட்டியில இருக்குறது வேற ஒண்ணு" என்றபோது மறுமுனையில் அழுகை கேட்டது. பிறகு கோபம்: "அப்போ இத்தனை நாளா என்கிட்ட நடிச்சீங்களா?" இணைப்பு அறுந்தது. நாங்கள் படம் எடுக்காமலே திரும்பினோம். அந்த வாரம் முழுக்க சி.ஐ.டி. வீட்டுப் பூட்டை ஒரே தடவை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டதாக அவர் மனைவி வந்து சொன்னார். உடம்புக்கு ஏதாவதா என்று அவருக்குப் பயம்.

அடுத்த விடுமுறையில் மெக்கானிக்கே வரச்சொன்னார். கதவைத் திறந்தவர் காதில் கைப்பேசி. மகள்தான். சில நாள் பேசாமல் இருந்துவிட்டு, புது ஆள் எப்படி இருக்கிறான் பார்க்கவேண்டும் என்று அவளாகவே கூப்பிட்டிருக்கிறாள். இந்தமுறை புள்ளி, கண், விரல் எல்லாம் துல்லியமாகத் தெரியவேண்டுமாம்.

அறை இருட்டானது. சி.ஐ.டி. பக்கவாட்டில் விளக்கை உயர்த்தி, மூச்சை அடக்கி, நாலைந்து படங்கள் எடுத்தார். திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் தலையாட்டினார். வேலை முடிந்தது.

மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெளிச்சத்தில் தெரிந்ததையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "வயிறு வெண்ணெய் மாதிரி இருக்கும்மா... இரு, கால எடுத்து மூஞ்சியத் துடைக்கிறான்... என்ன? நானா? சாயங்காலம் தோசை ஊத்திக்குவேன்மா." பேச்சு நீண்டுகொண்டே போனது. நான் பையின் ஜிப்பை மூடப்போனேன். சி.ஐ.டி. என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். காமெராவைத் தரையில் மெல்ல வைத்துவிட்டு, வலித்த கையிலிருந்து மறுகைக்கு விளக்கை மாற்றி, அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.