அவிசாவளைக் கடை கேக்

என் அக்கா கலைச்செல்விக்கு இந்த ஐப்பசியோடு நாற்பத்தைந்து வயது. யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு றப்பர் தோட்டத்தில் இருபத்தேழு வருஷமாகப் பால் வெட்டுகிறாள். அவளுக்கு இன்னொரு கைத்தொழிலும் உண்டு. அது என் புகுந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் பன்னிரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவள் நான். இதை எழுதும்போதே என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். அப்பா அதற்கு முன்பே இல்லை. அக்காவுக்கு அப்போது பதினேழு. அடுத்த வருஷமே தோட்டத்தில் பேர் பதிந்து மலைக்கு வேலைக்குப் போனாள். நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீ படி என்று அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. காலையில் என் சட்டை துவைத்துக் காய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை. மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது. அன்றைய கணக்கில் பேர் விழாது, சம்பளம் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார்கள். அக்கா மட்டும் மாஜரின் பக்கெட்டை எடுத்து வைப்பாள். அந்தப் பக்கெட்டின் காகித உறையின் பின்பக்கத்தில்தான் கேக் செய்யும் முறை சிங்களத்தில் அச்சடித்திருந்தது. அவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். பக்கெட்டில் 'அவன்' என்ற கேக் அடுப்பில் வைக்கச் சொல்லியிருந்தது. எங்களிடம் இருந்தது பெரிய பிஸ்கட் டின்.

டின்னுக்குள் மணல், மணலில் மூன்று கல், கல்லின் மேல் கேக் தட்டு. கீழே விறகு, மூடியின் மேல் தணல். விறகென்றால் றப்பர் விறகுதான். பற்ற வைக்க மண்ணெண்ணெய் தேடுகிற வழக்கமே எங்களுக்கு இல்லை. மரத்துச் சிரட்டையில் காய்ந்து கிடக்கும் றப்பர் ஒட்டுப்பால் ஒரு துண்டு போதும், குப்பென்று பிடிக்கும். முதல் கேக்கில் இந்த ஒட்டுப்பால்தான் காலை வாரியது. அது எரிந்து முடியும் முன்பே அக்கா அவசரப்பட்டுத் தட்டை வைத்துவிட்டாள். கரும்புகை மூடி இடுக்கால் உள்ளே போய், கேக்கின் முகம் கரிச்சட்டி ஆகிவிட்டது. அவள் அசரவில்லை. கத்தியால் கரியைச் சுரண்டினாள், மேலே சீனி தூவினாள், "சாப்புடு, செத்துற மாட்ட" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து தின்றார்கள். தட்டில் தூள்கூட மிஞ்சவில்லை.

பிறகு கை பழகியது. ஆனாலும் ஒரு மெல்லிய புகை வாசம் அவள் கேக்கில் எப்போதும் உண்டு. பேசின் சட்டியில் மாஜரினையும் சீனியையும் போட்டு ஒரே பக்கமாக அடிப்பாள். பால்வாளி தூக்கிய கை, சீனி கரையும்வரை ஓயாது. கூரைத் தகரத்தில் மழை கொட்டும். நான் பேசின் ஓரத்தை விரலால் வழித்து நக்குவேன். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. சம்பளமில்லாத நாட்கள் அவை என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவே இல்லை.

அம்மா திரும்பி வந்து, இரண்டு வருஷத்தில் நோயில் போய்ச் சேர்ந்தார். பிறகு எனக்குக் கலியாணம் பேசியதும் அக்காதான். மாப்பிள்ளை உதயராஜ். எம்பிலிப்பிட்டியவில் புடைவைக் கடை வைத்திருக்கும் குடும்பம். கலியாணத்துக்கு வருகிறவர்களுக்குச் சின்னப் பெட்டியில் ஒரு துண்டு ரிச் கேக் கொடுத்தனுப்புவது எங்கள் நாட்டு வழக்கம். "அத நானே செய்யுறேன்" என்று அக்கா பிடித்த பிடியில் நின்றாள்.

ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. முந்திரிப்பருப்பு, பேரீச்சம்பழம், புஹுல் தோசி என்று சொல்லும் நீற்றுப்பூசணி இனிப்பு எல்லாவற்றையும் பொடிப் பொடியாக நறுக்கினாள். அதே பிஸ்கட் டின்னில் ஒன்பது தட்டு கேக் இறக்கினாள். இருநூறு பெட்டியையும் காகித மட்டையில் அவளே வெட்டி மடித்தாள். ஒட்டுவதற்குப் பசை வாங்கவில்லை, சின்னப் போத்தலில் றப்பர் பால் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு நாடா. இருநூறில் ஒன்றுகூடக் கோணல் இல்லை.

கலியாண மண்டபத்தில் என் மாமியார் புஷ்பம் ஒரு பெட்டியைத் திறந்து ஒரு கடி கடித்தார். கண்ணை மூடித் திறந்தார். சுற்றி அவர்கள் பக்கத்துப் பெண்கள், கழுத்து நிறைய நகையோடு.

"கேக் ரொம்ப நல்லாருக்கே. எங்க எடுத்தீங்க?"

எனக்கு அந்த நொடியில் என்ன தோன்றியது தெரியுமா? லயத்து அடுப்பும் கரி பிடித்த டின்னும். இவர்கள் அதைப் பார்த்துவிடுவார்கள் போல ஒரு பயம்.

"அவிசாவளையில மாமி. பெரிய பேக்கரி ஒன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். அக்கா எனக்குப் பின்னால் பெட்டித் தட்டோடு நின்றாள். ஒரு கணம் தட்டைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஆமாங்க, பேர்போன கடைங்க. நான்தான் போய் எடுத்தாந்தேன்."

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மாமிக்கு அந்தக் கேக் நாக்கில் ஒட்டிக்கொண்டது. தீபாவளி, சித்திரை வருஷப் பிறப்பு, எதுவானாலும் "அந்தக் கடையில ஒன்னு சொல்லிவிடு" என்பார். நான் அக்காவுக்குப் போன் போடுவேன். அக்கா டவுனில் பேர் போடாத வெள்ளைப் பெட்டி ஒன்று வாங்கி, அதில் வைத்து, கடைக்காரர்கள் கட்டுவது போலவே நூல் கட்டி, மூன்று பஸ் மாறிக் கொண்டுவந்து தருவாள். அந்தப் புகை வாசம் என்ன எசன்ஸ் என்று கண்டுபிடிக்க மாமி எம்பிலிப்பிட்டியக் கடைகளில் ஏறாத படி இல்லை. அலமாரியில் ஆறு போத்தல் சேர்ந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

என் மகள் தனுஷிகா பிறந்து முப்பத்தோராம் நாள் விசேஷத்துக்கு அக்கா வந்திருந்தாள். காலையில் அவள் கையால் கொண்டுவந்த கேக்கையே மாமி வெட்டி அவளுக்கு வைத்தார்.

"சாப்பிடுங்க கலை. உங்க பக்கத்துக் கேக்குதான்."

அக்கா விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து தின்றாள். "நல்லாருக்குங்க. சீனிதான் ஒரு பொட்டு கூடிருச்சு போல" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் நான் கேட்டேன், "அக்கா, சொல்லிறவா?"

"சும்மா இருடி. நல்லாருக்குன்னு சாப்புடுறாங்கல்ல. யாரு செஞ்சா என்ன?"

அவள் அப்படித்தான் சொல்வாள் என்று தெரிந்துதானே கேட்டேன்! சாட்டுக்கு ஒரு கேள்வி. பஸ் புறப்பட்டதும் எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. இப்போது எழுதக் கூசுகிறது.

போன மாதம் தனுஷிகாவின் பத்தாவது பிறந்தநாள் பேச்சு வந்தது. மாமி தீபாவளிக் கேக்கின் கடைசித் துண்டைப் பிளேன்டீயோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெருசா ஒன்னு சொல்லணும். பிள்ள பேரு எழுதி, ரோசாப்பூ வச்சு. கடை நம்பரக் குடு, நானே பேசுறேன்."

"நான் சொல்லிவிடுறேன் மாமி."

"நீ சொன்னா ஒழுங்கா சொல்ல மாட்ட. நம்பரக் குடு."

நம்பர் மாறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். கடையை மூடிவிட்டார்கள் என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். மூடினால் அக்காவின் கேக்கும் அதோடு சேர்ந்து மூடிப்போகும். பன்னிரண்டு வருஷம் பேரில்லாமல் இருந்தவளை நான் இல்லாமலே ஆக்குவதா? 

"கடையே இல்ல மாமி. எங்க அக்காதான் செய்யுறாங்க. கலியாணத்துக் கேக்கும் அவங்க செஞ்சதுதான். லயத்துல, பிஸ்கட் டின்னுல. நான் பொய் சொன்னேன்."

மாமி கையிலிருந்த துண்டைச் சாசரில் வைத்தார்.  திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. தன் போனை எடுத்து அக்காவின் நம்பரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார்.

"கலை, நான் நிலுஷா மாமியார் பேசுறேன். அந்த அவிசாவளைக் கடை நம்பர் ஒன்னு வேணுமே."

அக்கா தடுமாறவே இல்லை. "அவங்க போனெல்லாம் எடுக்க மாட்டாங்க மாமி. என்ன வேணும்னு என்கிட்டச் சொல்லுங்க, நாளைக்கே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிடுறேன். பிள்ள பொறந்தநாளுக்குத்தானே? பேரு எழுதச் சொல்லவா?"

மாமி போனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் மேசைக்குக் கிட்டப் போனேன்.

"அக்கா, நான்தான். மாமிக்குத் தெரியும். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

 போன் என் கைக்கு மாறிவிட்டது என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினாள்.

"ஏண்டி சொன்ன? இனிமே சாப்புடுவாங்களா?"

மாமி சாசரில் இருந்த துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றுகொண்டே போனுக்குக் குனிந்தார்.

"கலை, வாயில வச்சிக்கிட்டுத்தான் பேசுறேன். பொறந்தநாளுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே நீ இங்க வா. டின்னையும் தூக்கிட்டு வா."

அக்கா "சரிங்க மாமி" என்றாள். 

நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். யார் செய்தால் என்ன என்று பஸ் ஸ்டாண்டில் அவள் சொன்னதை அப்படியே நம்பி இருந்திருக்கிறேன். சாப்பிடுவார்களா என்ற பயத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறியிருக்கிறாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது இந்த வீட்டு மனிதர்கள் யாரும் இல்லை. கலியாண மண்டபத்தில் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு, சாப்பிட மாட்டார்கள் என்று முதலில் முடிவுகட்டியவள் நான்தான்.