மழைக்காலத்தில் தண்ணீர் ஊற்றுபவர்

இலங்கையில், ஓப்பநாயக்க ஊருக்கு மேலே, பஸ் முதல் கியரில் மூச்சுவாங்கும் இடத்தில் இருக்கிறது அந்தத் தேயிலைத் தோட்டம். வருடத்தில் எட்டு மாதம் அங்கே மழை பெய்யும். மீதி நாலு மாதம், பெய்யலாமா என்று யோசிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே வேலைக்கு வைக்கப்பட்ட ஒரே மனிதர் முத்துவீரன்.

இதில் மோசடி எதுவும் இல்லை. அவருடைய செடிகள் கூரைக்குக் கீழே இருந்தன. ஹோட்டல்களுக்கு அனுப்பவென்று கம்பனி குடைமிளகாய் போட்டிருந்த பொலித்தீன் வீடு அது. அறுநூறு பைகளில் தேங்காய்த் தும்புத்தூள், பைக்கு ஒரு செடி. வெளியே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்ற, உள்ளே முத்துவீரன் பூவாளியுடன் வரிசை வரிசையாகப் போவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை; கடமை நேரம்.

ஆறு வருடத்துக்கு முன் கொழுந்துச் சாக்கோடு வடிகால் கானில் விழுந்து இடது முட்டி போனதால் கிடைத்த வேலை, மலையேறத் தேவையில்லாத வேலை. அதை அவர் ஒரு சாஸ்திரமாக்கியிருந்தார். பையை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் தாகமில்லை, லேசாக வந்தால் ஒரு குவளை. மாசி வெயிலில் இரண்டு வேளை, மேலே நிழல்வலை. வைகாசி மழையில் ஒரே வேளை, அதுவும் காலையில், வேருக்கு மட்டும். இலையில் ஒரு சொட்டு பட்டுவிட்டால் தனக்கே சளி பிடித்த மாதிரி முகம் வாடும்.

அப்படியொரு வைகாசியில்தான் உதவி மேனேஜராக, அதாவது சின்னத்துரையாக, நிரஞ்சன் வந்து சேர்ந்தார். வயது இருபத்தாறு, கையில் டிப்ளோமா. மூன்றாம் நாள் குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"வெளிய மழை. உள்ள நீங்க தண்ணி ஊத்துறீங்க?"

"ஆமாங்க தொர."

"நடுவுல இந்தப் பொலித்தீன் இல்லேன்னா ஒரு ஆளு மிச்சம்."

"கூரைய எடுத்தா செடி அழுகிருங்க."

"காட்டுல செடிக்கு யாரு கூரை போட்டா?"

"காட்டுல கொடமொளகா இல்லீங்களே தொர."

இது எதிர்ப்பேச்சாகக் கருதப்பட்டது. உத்தரவு பிறந்தது: நாளை முதல் கூரையைச் சுருட்டி உச்சியில் கட்ட வேண்டும். இரண்டு வாரம் மழையே தண்ணீர் ஊற்றும். செடி நன்றாக இருந்தால், முத்துவீரன் மலைக்குப் புல்லு வெட்டப் போவார்.

அன்று மாலை அவர் மனைவி இந்திராணி, லயத்து வீட்டு அடுப்படியில் ரொட்டி தட்டியபடி, நிலைமையை ஆராய்ந்தார்.

"நல்லதாப் போச்சு. ரெண்டு வாரம் கைய கட்டிக்கிட்டு நில்லுங்க. செடி சாகும். தொர வாய மூடுவாரு. வேல உங்களுக்குத்தான்."

"செடி சாகுமே."

"அதத்தானே சொல்றேன்!"

"அறுநூறு உசுரு, புள்ள."

"மலையேறுனா உங்க முட்டி என்னாகும்னு அந்த அறுநூறுல ஒண்ணாச்சும் கேட்டுச்சா?"

கேட்கவில்லைதான். முத்துவீரன் மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலாம் நாள் ஓரத்து வரிசையில் ஏழு செடிகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன. அன்று மாலை, சின்னத்துரை ஆபீசுக்குள் போனதும், அவர் கயிற்றை அவிழ்த்தார். கூரை இறங்க இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். கொழுந்தை எடை போட்டுவிட்டு அந்த வழியாக வந்த இந்திராணி கூடையை இறக்கி வைத்தார்.

"பிஸ்ஸு புடிச்ச மனுசனக் கட்டுனா இப்பிடித்தான்" என்று மலைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு மறுபக்கக் கயிற்றை இழுத்தார்.

அந்த நாட்களில் பெருமழை மாலைக்கு மேல்தான் பிடித்தது; அதனால் மாலையில் மூடல். வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடுமுன் அளவாகத் தண்ணீர், பிறகு கூரை மறுபடி உச்சிக்கு. மீதிச் செடிகள் தளதளவென்று நின்றன. சின்னத்துரை படம் பிடித்து, 'இயற்கை நீர்ப்பாசனம்' என்று தலைப்பிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்.

"பாத்தீங்களா முத்துவீரன்?"

"பாத்தேங்க."

"திங்கக்கிழம மலைக்குப் போங்க."

"சரிங்க."

திங்கட்கிழமை போனார். ஒரு அடி வைத்தால் ஒரு ஓய்வு. நாலு மணிக்கு றக்வான பக்கமிருந்து மேகம் கறுத்து வந்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு இறங்கினார். மழை அவரை முந்திக்கொண்டது. இந்திராணி ஏற்கெனவே தன் பக்கத்துக் கயிற்றோடு நனைந்து நின்று, செடி, முட்டி, மாமியார் வீடு எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருந்தார். கூரை பாதி இறங்கியபோது குடை ஒன்று வந்து நின்றது.

"என்ன இது?" என்றார் சின்னத்துரை.

முத்துவீரன் தலையைச் சொறிந்தார். பதில் சொன்னது இந்திராணி. "பத்து நாளா இதுதாங்க தொர. இவரு மூடுவாரு, நீங்க படம் புடிப்பீங்க."

சின்னத்துரை பைகளைப் பார்த்தார். அரைமணி நேர மழைக்கே தும்புத்தூள் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. இயற்கை நீர்ப்பாசனத்தைப் பார்க்க வியாழக்கிழமை கொழும்பிலிருந்து மூன்று பேர் வருவது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். குடையை மடக்கிவிட்டுக் கயிற்றில் கை வைத்தார்.

மறுநாள் காலை ஆபீஸ் பலகையில் அறிவித்தல் தொங்கியது. இயற்கை நீர்ப்பாசனத் திட்டம் பெருவெற்றி அடைந்திருப்பதால், அதைக் கவனிக்க மழை மேற்பார்வையாளராக முத்துவீரன் நியமிக்கப்படுகிறார். மழை வந்தால் கூரையை மூடுவதும், மழை போதாவிட்டால் கையால் ஊற்றுவதும் அவர் பொறுப்பு.

முத்துவீரன் அதை இரண்டு தரம் வாசித்தார். சந்தேகம் ஒன்றுதான் இருந்தது. சின்னத்துரையிடம் போய்க் கேட்டார்.

"பெய்யிற மழையில செடிக்கு எவ்வளவு விடணுங்க தொர?"

சின்னத்துரை சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"ஒரு சொட்டும் விட வேணாம்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு முத்துவீரன் பூவாளியை எடுக்கப் போனார்.