அம்மிக்கல் இருக்கிற தெரு

சுல்தான் பீவி வென்றவை இவை. பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கொடுத்துக் கல்யாணம் செய்துவைக்கும் ஊரில் வீடில்லாமல் கல்யாணமாகிப் போனவள், தன் பெயரில் ஒரு வீடு வாங்கினாள். நாலு வருஷம் கழித்து அதை ஒட்டியிருந்த இன்னொன்றையும் வாங்கினாள். இரண்டிலும் சேர்த்து மூன்று குடித்தனம் வாடகைக்கு இருக்கிறது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய பிறகு கடைத்தெருவில் பதினோரு வீடு பூட்டிக் கிடந்தது. அப்போதும் அவள் வீட்டில் ஒரு மாதம்கூடப் பூட்டுத் தொங்கவில்லை. மகள் ரோஷன் பேகத்தை ஐந்தாவதோடு நிறுத்தச் சொன்னார்கள். இந்த 1959-ல் அந்தப் பெண் ஏழாவது படிக்கிறாள். புருஷன் போன பிறகு சுல்தான் பீவி யார் வீட்டு அடுப்படியிலும் தட்டோடு காத்து நின்றதில்லை.

ஊரே எதிர்த்து நின்றது என்று சொன்னால் பொய். ஊரில் பாதிப் பேர் எதிர்த்தார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் அவளுடைய அண்ணன் ஜெகபர் சாதிக்கும் ஒருவர். அதை மறைக்க வேண்டியதில்லை.

அவள் 'நானா' என்று கூப்பிடும் ஜெகபர் சாதிக் தையற்காரர். ஐந்தாவது வரைதான் படிப்பு. ஆனால் ஒரு சட்டைக்கு இரண்டு தடவை அளவெடுப்பார், இரண்டு தடவையும் எழுதிவைப்பார். அவர்களுடைய வாப்பாவுக்கு வாடகை வீடுதான் வாய்த்தது. அதனால் தங்கைக்குக் கொடுக்க வீடு இல்லை. சைகோனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த காதர் பாட்சா, வீடு வேண்டாம் என்று கட்டிக்கொண்டார். கட்டிய மனைவியைத் தன் அண்ணன் மன்சூர் அலி வீட்டுப் பின்கட்டு அறையில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். வருஷங்கள் அப்படியே போயின. 1953 பிப்ரவரியில் அவர் மவுத்தாகிவிட்டார் என்று தந்தி வந்தது. சுல்தான் பீவிக்கு அப்போது இருபத்தேழு வயது, ரோஷனுக்கு ஆறு.

கடை முதலாளி அனுப்பிய தொகை வந்ததும் இஸ்லாமிய மார்க்கப்படி பங்கு பிரித்தார்கள். மன்சூர் அலி தன் பங்கை வாங்கிக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். விதவைக்குரிய இத்தாக் காலம் முடிந்த மறு வாரமே தையற்கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஏன் ஜெகபரு, தங்கச்சிக்கு நல்லது கெட்டது எடுத்துச் சொல்ல மாட்டியா? கடைத்தெருவுல ஒரு வீடு வெலைக்கு வருது. அவ பங்கையும் போட்டு என் பேருல வாங்கிடுறேன். வர்ற வாடகையில மாசாமாசம் அவளுக்கு ஒரு தொகை குடுத்துர்றேன். சாப்பாடு நம்ம வீட்டுல. பொம்பளைக்கு வேற என்னப்பா வேணும்?"

திரைக்குப் பின்னால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த சுல்தான் பீவி பதில் சொன்னாள். "வீடு வேணும் மச்சான். என் பேருல."

"ஒம் பேருலயா?" மன்சூர் அலி சிரித்தார். "ஒனக்கு ஒரு வீடு குடுக்க ஒங்க வாப்பாவாலயே முடியலையேம்மா!"

ஜெகபர் சாதிக்கின் கத்தரி துணியில் பாதி வழியில் நின்றது. அவள் கை நிற்கவில்லை.

"அதனாலதான் மச்சான் நானே வாங்கிக்கிறேங்குறேன்."

"எந்தத் தெருவுல எவன் குடியிருக்கான், என்ன வாடகைன்னு தெரியுமா ஒனக்கு? தெருவையே பார்த்ததில்லையே நீ?"

அது உண்மை. வாப்பா வீட்டிலிருந்து மச்சான் வீட்டுக்கும், அங்கிருந்து அண்ணன் கடைக்கும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தலைகுனிந்து நடந்தவள் அவள். மன்சூர் அலி அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

கல்யாணம் என்றால் ஆண்களுக்குப் பத்திரிகை போகும். பெண்களை அழைக்க ஒரு பெண் வீடு வீடாகப் போக வேண்டும். உள்கட்டு வரை போய், இருக்கிற பெண்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பழக்கமுள்ள இந்து வீடுகளுக்கும் போக வேண்டும். இல்லாதப்பட்டவர்கள் கூலிக்குச் செய்கிற வேலை அது. சுல்தான் பீவி அந்த வேலைக்குப் போனாள்.

மன்சூர் அலி கொதித்தார். "எங்க குடும்பத்துப் பொம்பள அழைப்புக்காரியா?"

"நீங்கதானே மச்சான் தெருவையே பார்த்ததில்லைன்னீங்க. பார்த்துட்டு வர்றேன்."

எந்தெந்த வீடு என்று தெருவாரியாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தவர் ஜெகபர் சாதிக். அவளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், எழுதத் தெரியாது. பெண்ணுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் யாருக்கோ கடிதம் எழுதிவிடுவாள் என்று பயந்த காலம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பட்டியலில் விரல் வைத்து, இந்த எழுத்து இந்தப் பெயர் என்று அவளாகவே பிடித்துக்கொண்டாள். பட்டியல் திரும்பி வரும்போது பெயர்களுக்குப் பக்கத்தில் வட்டமும் கோடும் இருந்தன. தையல் கணக்கில் கிறுக்கல் பிடிக்காத அண்ணனுக்குக் கோபம்.

"என்ன புள்ள இது, கோழி கிண்டின மாதிரி?"

"வட்டம் போட்டது நல்ல தண்ணி நானா. பாதி வட்டம்னா உப்பு. அழைக்க வந்தவளுக்கு எந்த வீட்டுலயும் ஒரு செம்பு தண்ணி குடுப்பாங்கல்ல?"

"கோடு?"

"ஐம்பத்திரண்டு புயல்ல தண்ணி ஏறுன ஒசரம். ஒரு கோடுன்னா ஒரு சாண். தெருப்பக்கம் வெள்ளையடிச்சு மறைச்சுட்டாங்க. அடுப்படிச் சொவத்துல யாரு மறைக்கிறா?"

அன்றைக்குத்தான் அவர் சிரிப்பதை நிறுத்தினார். இன்னொரு குறியும் இருந்தது, சின்னச் சதுரம். அதைப் பற்றி அவள் கடைசியில்தான் சொன்னாள்.

எட்டு மாதம் அவள் நடந்தாள். பதினேழு கல்யாணம், இருபத்தொரு தெரு. ஜெகபர் சாதிக் அத்தனை பட்டியலையும் ஊசியில் கோத்து வைத்திருந்தார், இன்னும் வைத்திருக்கிறார். ஆற்றுப் பக்கத் தெருக்களில் கோடு நாலு, ஐந்து. கடற்கரைப் பக்கம் எல்லாம் பாதி வட்டம். கடைத்தெருவில் முழு வட்டம், கோடே இல்லை. அவருக்கும் சபலம் தட்டியது.

"மச்சான் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு புள்ள. பிரெஞ்சு எல்லைக்கு இந்தப் பக்கம் சரக்கு மலிவுன்னு வெளியூரு வியாபாரியெல்லாம் அங்கதான் குவியிறான். ஆறு மாச வாடகையை முன்கூட்டியே குடுக்குறான்."

"அந்த வீடுகளுக்குச் சதுரம் போட்டிருக்கேனா பாருங்க."

அவர் பார்த்தார். முப்பத்திரண்டு வீட்டில் நாலுக்குத்தான் இருந்தது.

"சதுரம்னா அம்மிக்கல். வாடகைக்கு வந்தவன் அம்மிக்கல்லைத் தூக்கிட்டு வந்திருந்தா இருக்க வந்திருக்கான்னு அர்த்தம். இவங்க ஓட்டல் சோறு, சுருட்டின பாய். எல்லை இருக்குற வரைக்கும்தான் இருப்பாங்க. வெள்ளைக்காரன் கொடியை எறக்கப்போறான்னு ஊரே பேசுது. எல்லை போனா இவங்க ஏன் இருக்கணும்?"

"அப்போ எந்தத் தெரு?"

கோட்டுச்சேரிப் பாதையோரம் இருந்த புளியடித் தெரு. பட்டியலில் பதினான்கு வீடு, பதினான்கிலும் முழு வட்டம், பன்னிரண்டில் சதுரம். பள்ளிக்கூட வாத்தியார், மருந்து கலக்குகிறவர், ஆபீஸ் குமாஸ்தாக்கள். வாடகை குறைவுதான்.

"எந்தக் கொடி பறந்தாலும் பள்ளிக்கூடத்துல மணி அடிக்கணுமே நானா" என்றாள்.

அங்கே பஞ்சநாதன் என்பவர், மாயவரத்தில் இருக்கும் மகனோடு போய் இருக்கலாம் என்று வீட்டை விற்கவிருந்தார். முன்கட்டு ஒரு குடித்தனம், பின்கட்டு ஒன்று, நடுவில் கிணறு. அவர் மனைவி செல்லம்மா, கேட்காமலே புயல் தண்ணீர் நின்ற இரண்டாவது படியைக் காட்டினாள். "அதுக்கு மேல ஏறலைம்மா. பொய் சொல்லி வித்துட்டுப் போயி எனக்கு என்ன ஆகப்போவுது?" என்றாள். சுல்தான் பீவி அவளை நம்பினாள். நம்பினாலும், ஆவணியில் ஒரு பெருமழை கொட்டிய மறு நாள் காலை அண்ணனையும் அழைத்துக்கொண்டு போய் அந்தப் படியைப் பார்த்தாள். ஜெகபர் சாதிக் அளவு நாடாவைப் பிடித்தார். முதல் படிகூட நனைந்திருக்கவில்லை.

சேதி தெரிந்ததும் மன்சூர் அலி, அண்ணன் தங்கை இருவரையும் கூப்பிட்டுவிட்டார்.

"நம்ம ஆளு ஒருத்தன் இல்லாத தெரு அது. பள்ளிவாசல் பாங்கு சத்தம்கூடக் கேக்காது. அங்க போயி யாரைக் கட்டிக்கிட்டு அழப்போறே?"

"அழ வேண்டியதையெல்லாம் உங்க பின்கட்டுலயே அழுதுட்டேன் மச்சான். அங்க குடியிருக்கப் போறேன்."

"அவனவன் ஆறு மாச முன்பணத்தோட நிக்கிறான், நீ வாத்தியாரைத் தேடிப் போறியே!"

"நிக்கிறவன்கிட்ட அம்மிக்கல் இருக்கா மச்சான்?"

மன்சூர் அலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெகபர் சாதிக் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இந்தத் தடவை அவர் சிரித்தது தங்கையைப் பார்த்து அல்ல.

பத்திரம் எழுத, பிரெஞ்சு அரசின் பத்திர அதிகாரியான நொத்தேரின் ஆபீசுக்குப் போன அன்று மன்சூர் அலியும் வந்து நின்றார், அத்தர் பூசி, தொப்பி வைத்து. நொத்தேரின் எழுத்தர் உத்திராபதி பத்திரத்தை ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். பொதுவாகப் பெண்கள் பெயரில் எழுதும் பத்திரங்களில் வருகிற வாசகம் கடைசியில் தயாராக இருந்தது. 'வாங்குபவர் கையெழுத்திடத் தெரியாதவர் என்று கேட்டதற்குச் சொன்னார்.'

"நான் அவ மச்சான்" என்றார் மன்சூர் அலி. "எழுதத் தெரியாத பொம்பள. அவளுக்காக நான் போட்டுர்றேன். பத்திரமும் என் பொறுப்புல இருக்கட்டும்."

உத்திராபதி பேனாவை அவர் பக்கம் நீட்டினார். அந்த இடத்தில் மன்சூர் அலியின் கை போனால், வீட்டுக்குள்ளும் போகும். எட்டு மாத நடை அந்த ஒரு வரியில் முடிந்துவிடும்.

சுல்தான் பீவி பத்திரத்தின் மேல் குனிந்து, கடைசி வரியில் விரல் வைத்தாள். பட்டியலில் வைத்த மாதிரியே எழுத்து எழுத்தாகப் போனாள்.

"கேட்டதற்குச் சொன்னார்னு எழுதியிருக்கு" என்றாள். "என்கிட்ட யாரு கேட்டா?"

மேஜைக்குப் பின்னால் இருந்த நொத்தேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கையெழுத்துப் போடுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"அந்த வரியை அடிக்கச் சொல்லுங்க. போடுறேன்."

அடித்தார்கள். பத்திரத்தில் ஒரு வரியை அடித்தால், அடித்தது சம்மதம் என்று ஓரத்திலும் கையெழுத்து வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் மன்சூர் அலி பார்த்துக்கொண்டு நிற்க, அவள் முதல் கையெழுத்தைப் போட்டது, தனக்குக் கையெழுத்துத் தெரியாது என்ற வாசகத்தை அடித்த கோட்டுக்குப் பக்கத்தில். இரண்டாவதுதான் வீட்டுக்கு. பட்டியல்களிலிருந்து பொறுக்கிக்கொண்ட எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக நிமிர்ந்து நின்றன. ஜெகபர் சாதிக் தேதியைத் தம் அளவுப் புத்தகத்தில் அப்போதே குறித்துக்கொண்டார்: 1954 செப்டம்பர் 20, திங்கட்கிழமை.