பலகையில் கை வைத்து வரவு சொன்ன வகுப்பு

அன்புள்ள பிள்ளைகளே,

உங்கள் அத்தை நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் சொந்தக்காரர்களுக்கும் அவரோடு வேலை செய்த ஆசிரியர்களுக்கும் அவரைத் தெரியும். உங்களுக்கும் தெரியும்தான். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் சிறியவர்கள். நாளாக நாளாக முகம் மட்டும் நினைவில் நின்று, அவர் என்ன செய்தார் என்பது மறந்து போகலாம். அதனால்தான், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், எனக்குத் தெரிந்த தமிழில் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சகத்துத் தம்பி திருத்திக்கொள்வார்.

அத்தை பிறந்தது லுணுகலைக்கு மேலே, நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். பெரியப்பா மூத்தவர், நான் நடு, அத்தை கடைக்குட்டி. அவர் பால் குடிக்கிற வயதிலேயே எங்கள் அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். பெரியப்பா வெலிமடைக்குப் போய் மரக்கறி லொறியில் வேலைக்கு ஏறினார். நான் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். படிப்பு அத்தைக்கு மட்டும்தான் வந்தது.

உயர்தரம் படிக்கப் பதுளைக்குப் பஸ்ஸில் போய் வந்தார். மழைக்காலத்தில் வெள்ளைச் சட்டை காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டு, அந்தப் புகை வாசத்தோடேயே போவார். "ஒம் பக்கத்துல ஒக்காந்தா கருவாடு சுட்ட மாதிரியே இருக்குடி, பசிக்குது" என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அழுததை நான் பார்த்ததில்லை.

முதலில் ஆசிரிய உதவியாளராகவும், பயிற்சி முடித்த பிறகு ஆசிரியராகவும் நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார். நகரத்துக்கு மாற்றம் கேட்கச் சொல்லி நானே சொன்னேன். "பக்கத்துக் காம்பராவுல கெடக்குற பிள்ளைய விட்டுட்டு, பதுளையில போயி யாருக்கு அண்ணே பாடம் சொல்றது?" என்றார்.

பக்கத்துக் காம்பராவில், அதாவது லயத்தின் அடுத்த அறையில் இருந்தவள் தர்ஷினி. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுடைய அம்மா பாக்கியம் காலையில் பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குப் போனால், பிள்ளை வீட்டுக்குள்தான். இப்படி ஒவ்வொரு லயத்திலும் ஒரு கதவு பகலெல்லாம் சாத்திக் கிடந்தது. நடக்க முடியாதவர்கள், புத்தி மெதுவானவர்கள், கண் தெரியாதவர்கள் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தார்கள். அத்தை லயம் லயமாகப் போய்க் கேட்டு அவர்களைக் கூட்டி வந்தார். பழைய பிள்ளைக் காம்பராவைக் கழுவி வகுப்பாக்கினார். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போன இடம் அது.

அந்த வகுப்பில் வரவு இடாப்பு வாசிப்பதுதான் முதல் சிக்கல். பெயரைக் கூப்பிட்டால் தர்ஷினி திரும்ப மாட்டாள். ஒருநாள் அத்தை என்னிடம் வந்து, "அண்ணே, ஒங்க தப்பக் கொஞ்சம் தாங்க" என்றார். காமன் கூத்துக்கு நான் அடிக்கிற அதே தப்பு மேளம்தான். ஒரு நீளப் பலகையைத் தாழ்வாகப் போட்டு, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, எல்லோரும் உள்ளங்கையைப் பலகையில் வைக்கச் சொன்னார். மேளத்தின் விளிம்பைப் பலகையில் ஊன்றிக்கொண்டு அடித்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாளம். தர்ஷினிக்கு வேகமாக இரண்டு, நிதானமாக ஒன்று. பலகையில் தன் தாளம் வந்ததும் அவள் கையைத் தூக்க வேண்டும். எல்லோரும் வந்தாச்சு என்ற பிறகு அத்தை தனியாக ஒரே ஒரு தட்டுத் தட்டுவார்.

"அது யாருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். டீச்சர் வந்திருக்காங்களான்னு பிள்ளைகளுக்குத் தெரிய வேணாமா?"

நம் மலையில் பனி இறங்கினால் தப்பின் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காட்டினால்தான் சத்தம் ஏறும். தினமும் காலையில் நம் அடுப்பில் அத்தை தப்புக் காய்ச்சியது உங்களுக்கு நினைவிருக்கும். "நாத்தனாரே, மேளம் வெந்துருச்சுன்னா கொஞ்சம் எறக்குங்க, நான் சோத்தப் போடணும்" என்பார் உங்கள் அம்மா.

ஆனால் பாக்கியம் சண்டைக்கு வந்துவிட்டார். நம் தோட்டங்களில் தப்புச் சத்தம் கேட்டால், யார் வீட்டில் சாவு என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"எழவு வீட்டு மோளத்த எம்புள்ள முன்னாடி வச்சு அடிக்கிறீங்களே டீச்சர், இது நல்லாவா இருக்கு?"

அத்தை கோபப்படவில்லை. "தப்புன்னா சாவுன்னு அவளுக்கு இன்னும் யாரும் சொல்லலயேக்கா. நாமளும் சொல்லாம இருப்போம்" என்றார். பாக்கியம் முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுநாளும் பிள்ளையை அனுப்பினார்.

அத்தைக்கு நோய் வந்தபோது முற்றிவிட்டிருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நான் இருந்தேன். வலியைப் பற்றிப் பேசவே மாட்டார். "திங்கக்கிழம யாரு அண்ணே தப்புக் காய்ச்சுவா?" என்பதுதான் அவருடைய கவலை. நான் காய்ச்சுகிறேன் என்றேன். "நீங்க காய்ச்சிட்டு வேலைக்குப் போயிருவீங்க. யாரு அடிப்பா?" என்று கேட்டார். அந்த வாரமே போய்விட்டார்.

அடக்கத்தன்று வீட்டு வாசலில் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. உங்களை மாமா வீட்டில் விட்டிருந்தோம். வழக்கப்படி தப்புக்காரர்கள் வந்து அடித்தார்கள். அத்தையின் பெட்டியை வைத்திருந்த பலகை வாங்கின் ஓரத்தில் தர்ஷினி அவள் அம்மாவோடு நின்றாள். மேளத்தைக் கண்டதும் அந்த வாங்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கையைத் தூக்கினாள். பாக்கியம் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். அவள் உதறிவிட்டு மறுபடியும் தூக்கினாள். தூக்கிய கையோடு, பெட்டியில் படுத்திருந்த அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தப்புக்காரர்களுக்குச் சைகை காட்டி மேளத்தை நிறுத்தினேன். அதற்குப் பிறகு அங்கே அழுகைச் சத்தம் மட்டும்தான்.

வகுப்பும் நின்றது. பிள்ளைக் காம்பராவில் உடைந்த கதிரை மேசைகளைப் போட்டு அடைத்தார்கள். லயத்துக் கதவுகள் பழையபடி சாத்திக்கொண்டன. பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிதர், அவர் எங்கேதான் ஆள் தேடுவார்? ஹாலிஎலயில் இருந்து கௌசல்யா என்று ஒரு டீச்சர் வந்து பார்த்தார். "மனசு இருக்குங்க அண்ணே. ஆனா ரெண்டு பஸ் மாறி வரணும். இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க நான் படிக்கவும் இல்ல. எப்புடிங்க?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

வருடம் திரும்புவதற்கு முன் என்ன செய்வது என்று பேச உட்கார்ந்தோம். பெரியப்பா, அத்தையின் பெயர் வெட்டிய பெரிய மணி ஒன்றைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். "மணி அடிச்சா தோட்டம் பூரா கேக்கும்டா. தங்கச்சி பேரு நிக்கும்."

"தர்ஷினிக்குக் கேக்காதேண்ணே" என்றேன்.

பெரியப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். அது ஆறிய பிறகு, "அப்ப அந்த டீச்சர வரச் சொல்லு" என்றார்.

அப்படித்தான் அத்தையின் நினைவுக் கொடை தொடங்கியது. ஊவா மாகாணத் தோட்டங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வகுப்பில் வைத்துப் பார்க்கும் ஆசிரியர் ஒருவருக்கு ஒவ்வொரு வருடமும் பணம் கொடுப்போம். பஸ்ஸுக்கு, பயிற்சிக்கு, பிள்ளைகளுக்கு வேண்டிய பொருளுக்கு. முதல் வருடம் கௌசல்யா டீச்சருக்கு.

அவர் வகுப்பைத் திறந்த காலையில் நான் தப்பைக் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைகளின் தாளங்களைச் சொல்லிக்கொடுத்திருந்தேன், டீச்சர் தடுமாறாமல் அடித்தார். தர்ஷினி தன் முறைக்குக் கையைத் தூக்கினாள். எல்லாம் முடிந்து டீச்சர் மேளத்தைக் கீழே வைத்தார். மற்றப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். தர்ஷினி பலகையில் வைத்த கையை எடுக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்னங்க அண்ணே?" என்று டீச்சர் மெல்லக் கேட்டார்.

அத்தையின் அந்தக் கடைசி ஒற்றைத் தட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது அவங்களோடதாச்சே. நான் அடிக்கலாமா?"

"டீச்சர் வந்திருக்காங்கன்னு பிள்ளைக்குத் தெரியணும்மா. அடிங்க."

ஒரு தட்டுத் தட்டினார். தர்ஷினி வாசலில் இருந்து முகத்தைத் திருப்பி, புது டீச்சரை வெகுநேரம் பார்த்தாள். பிறகுதான் கையை எடுத்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பிள்ளைகளே, அத்தையின் கடைசி நாட்களில் உதவிய ஆஸ்பத்திரி ஊழியர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கிய தோட்டத்து மக்கள், அன்றைக்கு எங்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்த அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள், கொடைக்குக் கை கொடுத்த அத்தையின் பழைய மாணவர்கள், மணியை விட்டுக்கொடுத்த பெரியப்பா, இரண்டு பஸ் மாறி வருகிற கௌசல்யா டீச்சர் எல்லோரையும் நம் குடும்பம் மறக்கக் கூடாது. எங்கே கண்டாலும் எழுந்து நின்று பேசுங்கள். தர்ஷினியைக் கண்டால் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

தப்பு இப்போது நம் வீட்டில் இல்லை. வகுப்பிலேயே இருக்கிறது. காமன் கூத்து வரும்போது டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போவேன். முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

உங்கள் அப்பா