ஜெலுத்தோங் சந்தில் புது எக்சோஸ்

பக்கத்து வீட்டுச் சரவணன் நேற்று கைப்பேசியை என் காதருகே நீட்டி, "அங்கிள், எந்த எக்சோஸ் நல்லாருக்கு, சொல்லுங்கலா" என்றான். மோட்டார் சைக்கிளுக்கு எக்சோஸ் என்கிற புகைக்குழாய், ஏர் பில்டர், இன்ஜினைச் சரிக்கட்டும் டியூனர் எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே பொறுக்குகிறான். போன் ஒவ்வொன்றாக உறுமிக் காட்டியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

எண்பதுகளில் எனக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தேன். அதன் எண்ணெய்ப் புகை வாசம் சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. அதைக் குறை சொல்லாத ஒரே ஆள் விமலா. பக்கத்து லைனில் வேலை பார்த்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ஓய்வுபெற்ற கிராணி, அதாவது குமாஸ்தா. ஜெலுத்தோங்கில் அவள் வீட்டுச் சந்தில் என் வண்டிச் சத்தம் கேட்டால் வெளியே வந்து பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். மழை நாளிலும் ஊற்றியிருக்கிறாள், பாவம்.

கோலாலம்பூரிலிருந்து அவளுக்கு வரன் வந்தது. துணிந்து அப்பாவிடம் என் பேச்சை எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வாங்க. அப்பா உங்களப் பாக்கிறேன்னா நான் வெளிய வருவேன். வரலன்னா நிக்காம போயிடுங்க" என்றாள் கேன்டீனில்.

அந்த வாரம் நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. சும்மா இருக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? மெக்கானிக் ஆ செங் கடைக்குப் போனேன். கூரையிலிருந்து எக்சோஸ்கள் தொங்கும். ஜப்பான் பழசு ஒன்று, புக்கிட் தெங்காவில் பற்றவைத்த வயிறு பெருத்தது ஒன்று. தேங்காய் வாங்குகிறவன் மாதிரி தட்டித் தட்டிக் கேட்டேன். வயிறு பெருத்ததே ஜெயித்தது. "பைப் மாத்தினா காத்துப் பெட்டி தொறக்கணும், ஜெட்டும் பெருசு போடணும்லா. இல்லன்னா பிஸ்டன் ஜாம்" என்றான் ஆ செங், அரைகுறைத் தமிழில். ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பித்தளைத் திருகு. எல்லாவற்றையும் மாற்றினேன். மாப்பிள்ளை மிடுக்காகப் போக வேண்டாமா?

ஞாயிறு மாலை சந்துக்குள் போனேன். யாரும் வரவில்லை. திரும்பி மறுபடி போனேன். வந்தது அவள் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில். அதுவரை அவர் என்னைப் பார்த்ததில்லை. "தம்பி, இது ரேஸ் ஓடுற இடமில்லை. வீட்டுக்கு ஆள் வாற நேரம், அங்கால போம்" என்றார்.

கோலாலம்பூர்க்காரர்கள் வருகிறார்கள் என்று நினைத்தேன். நேரே ஃபெர்ரியில் ஏறி, எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் இக்கரைக்குமாகப் போய்வந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் விமலாவின் கண் வீங்கியிருந்தது. "அப்பா உங்களப் பாக்கச் சரின்னுட்டாரு. காதைத் தீட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். உங்க வண்டிச் சத்தமே வரல" என்றாள். நான் புது எக்சோஸைச் சொன்னேன். அவள் லைனுக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று மாலையே அவள் வீட்டுக்கு ஓடினேன். "சொன்ன நேரத்துக்கு வராத ஆளுக்கு மகளைக் குடுக்கேலாது. கோலாலம்பூருக்கு வாக்குக் குடுத்தாச்சு" என்றார் அப்பா. நான் வந்தேன் என்றேன். என்னை உற்றுப் பார்த்தார். "அந்தச் சத்தம் நீரோ?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். வண்டியைத் தள்ளிக்கொண்டே சந்தைக் கடந்தேன். அழுகை வந்தது.

சந்து இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி. ஆ செங் கடையில் கைப்பேசி விற்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் புகையும் போயிற்று. அதெல்லாம் போகட்டும். இத்தனை வண்டி ஓடும் ஊரில், வருவது நான்தான் என்று தெரிந்து எழுந்து வர ஒருத்தி இருந்தாள். இப்போது கதவைத் தட்டினால்கூட, யாரு என்றுதான் கேட்கிறார்கள்.